நாலே முக்கால் வோல்ட்

ஹீட்டரைப் போட்டால் கடிகாரம் அணைகிறது
என்றான் கிரிசாந்தோ.
வைப்பர் ஓடினால் பெட்ரோல் முள் எழுந்து நிற்கிறது.
இடப்பக்கம் சிக்னல் போட்டால்
திரை முழுக்கக் கண் சிமிட்டுகிறது,
பயணிகள் சிரிக்கிறார்கள்.
ஸ்விட்சை இரண்டு தடவை மாற்றியாயிற்று.
மூன்றாவதைக் கையோடு கொண்டுவந்திருந்தான்,
பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.

எல் ஆல்டோவில் காலை ஏழு மணி.
நாயின் தண்ணீர்க் கிண்ணத்தில் பனிக்கட்டி.
தலைக்கு மேல் கேபிள் கார்கள்
ஆள் நிரம்பி லா பாஸுக்கு இறங்கிக்கொண்டிருந்தன.
ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு
மினிபஸ் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்தேன்.
பாவாடை மடிப்பு கியர்க் கம்பியில் மாட்டியது.
எப்போதும் மாட்டும்.

முதலில் உதிர்ந்தவை காகிதத் துணுக்குகள்:
கோப்பகபானா கோயில் வாசலில்
வண்டிக்கு ஆசி வாங்கியபோது தூவிய மஞ்சள், ஊதா.
பீர் உலர்ந்த பிசுக்கு.
பல் உடைந்த சீப்பு.
ஐம்பது சென்டாவோ நாணயம் ஒன்று.
அதை உடனே அவன் கையில் கொடுத்துவிட்டேன்,
பிறகு பேச்சு வரக் கூடாது.

ஸ்விட்சை மீட்டரில் விசாரித்தேன்.
அழுத்தினால் பீப்.
விட்டால் மௌனம்.
அழுத்தினால் பீப்.
இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொல்கிறவனை
இரண்டு முறை வேலையை விட்டுத் துரத்தியிருக்கிறார்கள்.
ஃப்யூஸ் நன்றாயிருந்தது.
பாட்டரியில் பன்னிரண்டு புள்ளி மூன்று.
திரைக்கு வரும் சிவப்பு வயரில்
பன்னிரண்டு புள்ளி இரண்டு.

வரவேண்டியது வந்துகொண்டுதான் இருந்தது.

பாட்டரியின் நெகட்டிவில் ஒரு முனை,
திரையின் கறுப்பு வயரில் மறு முனை.
சைபர் காட்டவேண்டிய இடத்தில்
நாலே முக்கால்.
‘ஹீட்டரைப் போடு’ என்றேன்.
எட்டரை.

சுற்றத்தில் குற்றம் பார்க்க வேண்டாம் என்பார்கள்.
சுற்றில் பார்க்காமல் எப்படி?
கம்பளத்தை உரித்துக்கொண்டு
கறுப்பு வயரின் பின்னால் ஊர்ந்தேன்,
வலப்பக்கம்,
ஜப்பானில் இந்த வண்டிக்கு ஸ்டியரிங் இருந்த பக்கம்.
இடப்பக்கத்துக்கு மாற்றும்போது
எல்லா வயரும் ஒரு முழம் போதாமல் போகும்.
ஒட்டுப் போடுவார்கள்.

ஒட்டு கிடைத்தது.
சால்டர் இல்லை. வெறும் முறுக்கு.
தாமிரம் பாசி பிடித்த குளத்துப் படி போலப் பச்சை.
மேலே நீல டேப்.
டேப்பின் நுனி சின்ன முக்கோணமாக மடித்திருந்தது,
பிற்பாடு பிரிப்பவருக்கு நகம் நோகாமலிருக்க.

அப்படி யாரும் மடிப்பதில்லை.
நான் மடிப்பேன்.

இக்கிக்கே துறைமுகம், தகரக் கொட்டகை,
வயது இருபத்திரண்டு.
நாளைக்கு எட்டு வண்டி, வண்டிக் கணக்கில் கூலி,
நாலு பேருக்கு ஒரே சால்டர் கம்பி.
அது என் முறைக்கு வருவதற்குள்
மேஸ்திரி அடுத்த வண்டியின் கதவைத் திறந்திருப்பான்.
முறுக்கு, ஒட்டு, தள்ளு.
நுனியை மடிக்க மட்டும் எனக்கு எப்படி நேரம் கிடைத்தது?

சுரண்டினேன். சால்டர் வைத்தேன்.
புதுக் கறுப்பு வயரை வண்டியின் இரும்பில் முடுக்கினேன்.
சைபர் புள்ளி சைபர் இரண்டு.

‘எவ்வளவு?’
‘வேண்டாம்.’
முகம் மாறிவிட்டது அவனுக்கு.
காசு வாங்காத வேலையில் ஏதோ ஓட்டை இருக்கிறது என்று
டார்ச் எடுத்துக்கொண்டு தானே அடியில் நுழைந்தான்.
வேறு வழியில்லை, சொன்னேன்.
நீல டேப்பை விரலில் உருட்டிப் பார்த்தான்.
‘ஒன்பது வருஷம் ஓடியிருக்கிறதே, தோன்யா சாத்துர்னினா.’
பாராட்டா, வசவா, விளங்கவில்லை.
நாற்பது பொலிவியானோவை பானட்டில் வைத்தான்.
பிறகு யோசித்து, பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

திரையில் ஜப்பானிய எழுத்து ஒரு வரி ஓடிற்று.
‘நல்வரவு’ என்று பயணிகளிடம் சொல்லி வைத்திருக்கிறானாம்.
எனக்கும் படிக்கத் தெரியாது. இருக்கலாம் என்றேன்.
கடிகாரம் ஒரு மணி என்றது.
திருத்துவதற்குத்தானே அந்த ஸ்விட்ச் என்றேன்.
அழுத்தினான், அழுத்தினான்,
எட்டு ஐந்து வரை.