மூணாவது வேலக்காரி

தொண்டையில முடிச்சுன்னாரு ஸ்டான்லி டாக்டரு.
உள்ள கயிறு ரெண்டு கீதாம்,
ஒண்ணோட ஒண்ணு ஒரசி ஒரசி
நெத்திலிக் கண்ணாட்டம் ஒரு குருணை.
ஆறு மாசம் வாயத் தொறக்காதம்மா.
நான் ஏலம் கூவுறவ டாக்டரு,
முப்பது லாஞ்சி என்ஜினுக்கு மேல போவணும் என் கொரலு.
அவரு அடுத்த சீட்டக் கூப்டாரு.

அங்கேரிம்மாவுக்கு மீன் போட்டுகினு இருந்தேன் அப்போ.
ராயபுரம், கல்மண்டபத்துக்குப் பின்னாடி மாடி ஊடு.
டிசம்பர் வந்தா கெண்டை கேப்பாங்க.
கடல்ல ஏதும்மா கெண்டை?
கொடுவாவ நீட்டுனா மொறைச்சுட்டு வாங்கிக்குவாங்க,
எங்கூட்டுக் கொழம்ப விட செவப்பா
மொளகாத்தூள் போட்டு ஒரு சூப்பு வெப்பாங்க.

பேரு வர்கா எட்டெல்கா.
வர்கா குடும்பப் பேரு, அதான் முன்னாடி.
எங்களுக்கும் அப்பன் எழுத்து முன்னாடிதாம்மா, ன்னேன்.
அன்னைக்குத்தான் உக்காரச் சொன்னாங்க.

புடாபெஸ்ட்டுல பதினோரு வருசம் ஆப்பரா.
ஆப்பரான்னா கூத்து மாதிரி, பேச்சே கெடையாது,
கத்திக்குத்து வாங்கினவன்கூட
பாடி முடிச்சுட்டுத்தான் சாவணும்.
நீங்க ராணியாம்மா?
மூணாவது வேலக்காரி.
பதினோரு வருசமும் அதே வேலக்காரி,
ஒரே ஒரு வரி:
சீமாட்டி, வண்டி வந்துருச்சு.
அதுக்கு ரெண்டு மணி நேரம்
வேசம் கட்டிகினு ஓரமா நிப்பாங்களாம்.

அப்பறம் கப்பல் என்ஜினியரு ரெஜினால்ட், கண்ணாலம், மெட்ராஸு.
மூணாவது வருசமே மஞ்சக்காமாலையில அவரு போயிட்டாரு.
திரும்பிப் போவ டிக்கெட்டுக்குன்னு
சர்ச்சுல பாடுற புள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுத்தாங்க.
துட்டு சேந்துச்சு.
பியானோ வாங்கிட்டாங்க.
உப்புக் காத்து அதுல ஒம்போது கட்டையத் தின்னுடுச்சு,
அந்த எடம் வந்தா வாயால வாசிச்சுகினு தாண்டிடுவாங்க.

நீ கழுத்துல கத்துற, ன்னாங்க என்ன.
தரையில படுக்கப் போட்டு
என் தராசுக் கல்லு, ரெண்டு கிலோ, அத்தையே வயித்துல வெச்சு
தூக்கு, மூச்சால தூக்கு.
தூக்குனேன். நாலு மாசம்.
பதிலுக்கு நான் நம்பரு சொல்லிக் குடுத்தேன்,
நூறு, நூத்தி அம்பது, எரநூறு.
ழ-வுக்கு மட்டும் நாக்கு மடியல அவங்களுக்கு.
முடிச்சு போவல. பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு சனிக்கெழம வெள்ளன ஏலம் பாக்க வந்துட்டாங்க,
ரப்பர் செருப்போட மீன் தண்ணியில நின்னாங்க.
வஞ்சிரம் குமிச்சிருந்துச்சு.
எழுநூத்தின்னு வாயெடுத்தேன், அறுந்துச்சு.
காத்துதான் வருது.
பின்னாடியிருந்து அவங்க எடுத்தாங்க:
அம்பது.
அந்த மொத அ-வப் புடிச்சாங்க பாரு,
எறக்கவே இல்ல.
ஐஸ் ஒடைக்கிறவன் கட்டையத் தூக்குனவன் தூக்குனபடி.
பக்கெட்டுல வவ்வாலு வாலடிக்குற சத்தம் கேட்டுச்சு எனக்கு.
அத்தன ஏவாரியும் கேட்டுகினே நின்னதுல
ஒருத்தனும் மேல கேக்கல.
எழுநூத்தி அம்பதுக்கே போச்சு. நூறு ரூவா நட்டம்.
ஏலத்துல அழகாக் கூவக் கூடாதும்மா, ன்னேன்.
அவங்க காதுல வாங்கல,
பாவாடைய ரெண்டு கையால விரிச்சு
மீன் கூடைங்களுக்குக் குனிஞ்சு வணக்கம் வெச்சுகினு இருந்தாங்க.

போன தீவாளிக்கு மூணு நாள் முன்ன செத்தாங்க.
கல்லறைக்குப் போற வண்டி
எம்.சி. ரோட்டுத் துணிக்கடை ஜனத்துல மாட்டிகிச்சு.
ஏழு பேரு மாடியில காத்துகினு இருந்தோம்,
பாதர் ரெண்டு தபா வாட்ச்சப் பாத்தாரு.
அஞ்சரைக்கு ஆரன் கேட்டுச்சு.
பொட்டி பக்கத்துல போய் நின்னேன்.
கல்லு இருக்குறதா நெனச்சு
வயித்துலேர்ந்து தூக்குனேன்:
சீமாட்டி, வண்டி வந்துருச்சு.

தெருவுலேர்ந்து எவனோ கேட்டான்,
இன்னா மீனு?