மூன்று புள்ளி நான்கு

பாயான் லெப்பாஸில் விடிகாலை மூன்று மணி.
தூசி புகாத அறையில்
கண் மட்டும் தெரிய வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு
சில்லுகளை எண்ணுகிறேன்.
உள்ளே ஒருத்தி
என்னை எண்ணிக்கொண்டிருக்கிறாள்:

எட்டு மணிக்கு ஒன்றரைக் கரண்டிச் சோறு.
போட்டது ஆறு யூனிட்.
மாடி ஏறியது இரண்டு முறை.
சூப்பர்வைசரிடம் ஒருமுறை கோபப்பட்டேன்,
அதைக் கூட்டணுமா கழிக்கணுமா
பதினேழு வருஷமாகியும் தெரியவில்லை.

விரல் நுனி சில்லிடுகிறது.
இது அந்த நடுக்கமா, ஏர்கோனா?
விடை பையில் இருக்கிறது.
பை பெட்டகத்தில்.
பெட்டகம் வெளியே.
ஒரு மிட்டாய்த் தாள்கூட இங்கே நுழையக்கூடாது.
அங்கி கழற்றி, கையுறை உரித்து, கதவு இரண்டும் தாண்ட
ஒன்பது நிமிடம். அளந்து வைத்திருக்கிறேன்.
நோர் ஹயாத்திக்கு என் நடையே போதும்,
ஒன்றும் கேட்காமல் என் இயந்திரத்துக்கு வந்துவிடுவாள்.

மூன்று புள்ளி நான்கு.

மிலோவை உறிஞ்சுகிறேன்,
பள்ளிப் பிள்ளைகளின் பச்சைப் பெட்டி, வளையும் குழாய்.
பதினைந்து நிமிடம் பொறு என்கிறது பாடம்.
உடம்போ கேன்டீனையே தின்னச் சொல்கிறது.
அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான்
எல்லாம் வந்து பக்கத்தில் உட்காரும்.

இனிப்புநீர் என்கிறோம் இதை.
யார் வைத்த பெயரோ,
ஏதோ மலையில் ஊறும் சுனை மாதிரி.
பட்டர்வொர்த் கல்யாணத்தில் சித்தி ஒருத்தி
லட்டுத் தட்டை என்னைத் தாண்டி நீட்டினாள்.
"சின்ன வயசுல சீனியைக் குறைச்சிருக்கலாம்ல?"
பதினாலு வயதில் என் உடம்பே
என் கணையத்தைத் தின்றது சித்தி.
சொல்லவில்லை. சிரித்தேன்.
சிரிப்புக்கு எத்தனை யூனிட்?

தாதிக்குக் குறிப்பேடு காட்டவேண்டும்.
ஒரு மாதத்து எண்களையும்
நம்பர் கூப்பிடுமுன் நாற்காலியிலேயே எழுதினேன்.
நீலப் பேனா, கறுப்புப் பேனா, நடுவில் பென்சில்,
நம்பும்படியாக அங்கங்கே ஒரு பன்னிரண்டு.
பக்கத்தில் ஒருவனும்
அதையேதான் செய்துகொண்டிருந்தான்.
மை தீர்ந்துபோய் என் பேனாவைக் கேட்டான்.
ஹோக் செங். ஆயர் ஈத்தாமில் டயர் கடை.

இப்போது அவனுக்கு அனுப்புகிறேன்: 3.4
உடனே வருகிறது: 17.1
பிறகு, என்ன சாப்பிட்டேன்னு கேட்காதே.
கேட்கவில்லை.
பார்க்கிறவரெல்லாம் பார்க்கிறவரை
பசியாறியாச்சா என்று கேட்கும் இந்தத் தீவில்
கேட்டுக்கொள்ளாதவர்கள் நாங்கள் இரண்டே பேர்.

காய்ச்சலுக்கு எம்.சி. உண்டு.
கணையத்தின் வேலைக்கு நான் சேர்ந்த நாளிலிருந்து
ஒரு நாள் லீவு கிடையாது.
போன டிசம்பரில் ஓர் இரவு
ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு
சுவரையே பார்த்திருந்தேன்.
மறந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.
மறக்கவில்லை.
அவனுக்கு மட்டும் உள்ளதை எழுதினேன்.

அறிவுரை வரவில்லை.
"போட்டுட்டுத் தூங்கு. ரெண்டு மணிக்கு நான் எழுப்புறேன்."
எழுப்பினான்.
"எத்தனை?"
"ஏழு."
"சரி."
வைத்துவிட்டான்.

ஐந்து புள்ளி ஒன்று.
பெட்டியின் அடியில் காற்று உறிஞ்சும் சத்தம்.
மறுபடி அங்கி, முகமூடி, கையுறை.
நோர் ஹயாத்தி நகர்ந்து இடம் விடுகிறாள்.
கைப்பேசி பெட்டகத்துக்குள்.
அவன் பதினேழு எங்கே இறங்கி நின்றது என்று
ஏழு மணிக்குத்தான் தெரியும்.