வெற்று எடை

மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில்
லாரிகள் ஏறி நிற்கும் எடைமேடை.
இரவு ஷிஃப்ட் எனக்கு.
மொத்த எடை, வெற்று எடை, கழித்தால் சரக்கு.
மூன்று வரி அச்சடித்துக் கிழித்துக் கொடுப்பேன்.
இருபது கிலோவுக்குக் கீழே உள்ளதை
இந்த மேடை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை.
வீட்டில் நான்
நூறு கிராமுக்கு அழுகிறவள்.

தை மாதம் எண்பத்து மூன்று.
ஆடிக்குள் எழுபத்தாறு.
அதோடு முள் நின்றுவிட்டது.
ஆவணி போனது. புரட்டாசியில்
எதிர்வீட்டில் மீன்சட்டியைக் கவிழ்த்து வைத்து எடுத்தார்கள்.
ஐப்பசி மழையில் கால்வாய்த் தண்ணீர்கூட
வாசல்வரை ஏறி இறங்கியது.
நான் எழுபத்தாறு.

இட்லிக்கு இவ்வளவு, சட்னிக்கு இவ்வளவு என்று
ஃபோனில் எழுதாத நாளில்லை.
சங்கரா மீனை முள்ளோடு நிறுத்து,
தின்றபின் முள்ளை நிறுத்துக்
கழித்திருக்கிறேன். தொழில் புத்தி.

எழுதாததும் உண்டு.
ரோஷன் தட்டில் விட்டுப்போன தோசை ஓரம்.
உப்புப் பார்க்க உள்ளங்கையில் மூன்று முறை ஊற்றிய குழம்பு.
டிரைவர்கள் வாங்கித் தரும் டீ;
வேண்டாமென்றால்
எடையில் கை வைத்துவிடுவேனோ என்று பயப்படுவார்கள்.
பீச் ஸ்டேஷன் பக்கம் ஒருநாள் அத்தோ:
அதை எழுதினேன், பாதியாக.
கடாயில் விட்ட எண்ணெய்
ஒரு ஸ்பூன் என்றே பதிவாகியிருக்கிறது.
அது குழிக்கரண்டி.

வெட்கப்பட்டு ஒரு மாதம்
ஓரம், உப்பு, டீ, கரண்டி எல்லாம் எழுதினேன்.
எழுபத்தாறு.
தைராய்டா இருக்கும் என்றாள் நாத்தனார் ஃபிலோமினா.
டெஸ்ட் எடுத்ததில்
குறைந்தது முந்நூற்றைம்பது ரூபாய்.

நேற்று ராத்திரி ரெண்டே கால்.
காற்றில் உரக் கம்பெனியின் நெடி.
நெல்லூர் கோட்டய்யா சீட்டைக் கண்ணாடியில் அறைந்தான்.
"சரக்கு முந்நூத்தி நாப்பது கிலோ கம்மியா?
சீல் உடையல, தார்ப்பாய் அவுக்கல.
நேனு தொங்கனா மேடம்? என்னத் திருடன்னு எழுதுறியா?"

இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வா என்றேன்.
நாலு மணிக்கு வந்தான். ஏற்றினேன்.
கம்ப்யூட்டரில் இருந்த வெற்று எடை
மூன்று வருஷம் பழையது.
இடையில் ஸ்டெப்னி இரண்டை விற்றிருக்கிறான்,
துருப்பிடித்த டூல் பெட்டியைக் கழற்றியிருக்கிறான்,
வேறு என்னென்ன என்று அவனுக்கே ஞாபகமில்லை.
வண்டி இளைத்திருந்தது.
இளைத்த வண்டிக்குப் பழைய எடையைக் கழித்து
நான்தான் அவனைத் திருடனாக்கியிருந்தேன்.

புது எண்ணைத் தட்டும்போது
விரல் நின்றது.

என் ஃபோனில் இருக்கும் கணக்கு
தை மாதத்து எண்பத்து மூன்று கிலோக்காரிக்குப் போட்டது.
ஏழு கிலோவை இறக்கி வைத்தவளுக்கு
அத்தனை டீசல் எதற்கு?
சம்பளம் குறைந்த வீட்டில்
ஆளில்லாத அறையின் ஃபேனை அணைப்பதுபோல
உடம்பும் எங்கெங்கோ சுவிட்சைத் தட்டியிருக்கிறது.
மாடிக்கு இரண்டு நடை போகிற துணியை
ஒரே வாளியில் அமுக்கி எடுத்துப் போகிறேன்,
எப்போதிலிருந்து என்று தெரியாது.
பேசும்போது கையை ஆட்டுவதில்லையாம் இப்போதெல்லாம்;
பகல் ஷிஃப்ட் ஸ்டெல்லா சொன்னாள்,
கோபமா என்று கேட்டாள்.

நாலு மாதமாக
திருடியைப் பார்ப்பதுபோல்
கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்கிறேன்.

கோட்டய்யா டீ வாங்கப் போன நேரம்
மேடை காலியாக இருந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றேன்.
கொஞ்சம் யோசித்து
எண்பது என்று சிவப்பில் காட்டியது.
பாவம், அதற்கு
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.

டீ வந்தது. சர்க்கரை இரண்டு ஸ்பூன்.
இரண்டு என்றே எழுதினேன்.