மூன்றாம் பிரதி

ஸ்ரான்லி வீதி இரும்புக்கடையில்
பத்தொன்பது வருசமாய் பில் எழுதுகிறேன்.
வெள்ளை வாங்குபவருக்கு,
மஞ்சள் முதலாளிக்கு,
றோஸ் கோவைக்கு.
இடையில் இரண்டு காபன் தாள்.
றோஸில் எழுத்து விழாவிட்டால்
முதலாளி கண்ணாடியைக் கழற்றுவார்.
ஆகவே அழுத்தினேன்.
மேசை வரைக்கும் அழுத்தினேன்.
இரண்டு கிலோ ஆணி என்று எழுதியதை
இரண்டு கிலோ ஆனை என்று வாசித்து
லொறிக்காரன் ஒரு நாள் முழுக்கச் சிரித்தான்.

கையெழுத்துக் கோணல் என்றால்
தலையெழுத்து நேராம்.
அப்படிச் சொல்லி ஆறியிருந்தேன்.
தலையெழுத்தை நான் பார்த்ததில்லை.
அதற்கும் காபன் வைத்தார்களோ என்னவோ.

ஐப்பசியில்
குருநகர் நிக்கலஸ் வள்ளத்துக்குப் பெயின்ற் எடுத்து
கடன்கொப்பியில் ஒப்பமிட்டு
பேனையை மறந்து போனார்.
மூடியைத் திருகினேன்.
முனை தங்கமில்லை, தங்க நிறம்.
வைத்த இடத்தில் எழுதியது.
அழுத்த நினைக்கமுன்னமே எழுதியது.
பழக்கத்தில் றோஸைத் தூக்கிப் பார்த்தேன்:
வெறும் றோஸ்.

ஒன்பதாம் நாள் வந்து வாங்கிப் போனார்.
பத்தாம் நாள் கொழும்புக்குச் சொல்லிப்
பார்சல் எடுப்பித்தேன்.
ஆயிரத்து நானூற்று ஐம்பது, தபால் வேறு.
பிறகு இன்னொன்று.
பிறகு ஒரு போத்தல் கடல்நீல மை.
மூன்றாவது பேனையைச் சுகிர்தாவுக்குச் சொல்லவில்லை.
சேட்டுப் பொக்கற்றில் கசிந்து
அது தானே சொல்லிற்று.

எங்கள் கிணற்றுத் தண்ணி பேனைக்கு ஆகாது.
கேத்தில் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதே,
அந்தச் சுண்ணாம்பு
முனையின் பிளவிலும் படியும்.
கராச்சுக்குப் போய்ப் பற்றறித் தண்ணி கேட்டேன்.
"எந்த வாகனத்துக்கு அண்ணை?"
வெட்கமாயிருந்தது.
மோட்டச்சைக்கிளுக்கு என்றேன்.
என்னிடம் இருப்பது துவிச்சக்கரவண்டி.

இரவில் இரட்டைறூல் கொப்பி.
மலிவுத்தாளில் மை வேர்விட்டுப் பரவும்.
ட எனக்குத் தெரிந்த சாமான், எல் அயன்.
ப, சனல்.
உ, கொளுக்கி.
ண, வெட்டமுன் கம்பிச்சுருள்.
ழ கொஞ்சம் முரண்டு பிடித்துப் பணிந்தது.
ஞ-வுக்கு ஒத்த சாமான்
எங்கள் கடையில் இல்லை.
பக்கம் பக்கமாய் ஞ.
விரல்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்:
கீழே ஒருவரும் இல்லை,
மெல்லப் போங்கள்.

மாசியில் செக் திரும்பி வந்தது.
ஒப்பம் பொருந்தவில்லையாம்.
வங்கிப் பிள்ளை திரையைத் திருப்பிக் காட்டியது.
கணக்குத் திறந்த நாளின் நான்,
செருப்பில் அகப்பட்ட மண்புழு.
"பழையபடி போடுங்கோ."
போட்டேன். அழகாய் வந்தது.
"இது இல்லை ஐயா."
ஞானகணேசன்.
ஞானகணேசன்.
ஒவ்வொரு ண-விலும் மூன்று சுழி, எண்ணலாம்.
நாலாவது துண்டும் கசங்கியது.
என் ஒப்பத்தை நானே கள்ளமாய்ப் போடத் தெரியாமல்
குளிரூட்டிக்குக் கீழே வியர்த்தேன்.
வரிசையில் ஆரோ இருமினார்கள்.

சங்கிலியில் கட்டிய வங்கிப் பேனையை எடுத்தேன்.
கீழே இரண்டு காபன் என்று நினைத்தேன்.
அதற்கும் கீழே றோஸ்.
முதலாளியின் கை கண்ணாடிக்குப் போகிறது.
அழுத்தினேன்.
ஒரே இழுவையில் வந்தது புழு,
அச்சொட்டாய்.
"ஓம், இதுதான்."

பிறகு பிள்ளை
கட்டம் போட்ட அட்டையொன்றை நீட்டி
"புதுசாய் மாதிரி ஒப்பம் தரலாம் ஐயா" என்றது.
பொக்கற்றிலிருந்து என்ரை பேனையை எடுத்து
மூடியைத் திருகி
முனையை அட்டைக்கு மேலே பிடித்தபடி
கொஞ்சநேரம் நின்றேன்.

"அடுத்த கிழமை வாறன் பிள்ளை."

ஞ-வின் கடைசிச் சுழி
இன்னும் சரிவரவில்லை.