மீனுக்கல்லாத பனிக்கட்டி

பின்கதவுதான் எனக்குப் பழக்கம்.
செவ்வாயும் வெள்ளியும்
சாக்கில் சுற்றிய கட்டியைத் தோளில் சாய்த்து
பாட்டில்களுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து
இறக்கிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு
போய்விடுவேன்.
இன்று முன்கதவு.
அதற்கு ஒரு கைப்பிடி இருப்பதே இன்றுதான் தெரிந்தது.
பித்தளை. கடல்மூட்டத்தில் நனைந்திருந்தது.

ஏழு நாற்காலிகள், ஆறில் ஆள்.
உஷியா நிமிர்ந்தாள்:
"ஞாயிற்றுக்கிழமை கட்டி கேட்கவில்லையே."
"குடிக்க வந்தேன்."
பொய் சொன்னவன்போல் காது சுட்டது எனக்கு.

மீன் ஏலக்கூடத்துக்கு மேலே ஆலை.
காலிசியாவின் இந்தக் கரையில்
இருபத்திரண்டு வருடமாகப் பனிக்கட்டி செய்கிறேன்.
மத்திக்கு, கணவாய்க்கு, அயிலைக்கு.
நடுவில் மூச்சு அடைத்துக்கொண்ட மாதிரி
குமிழி நிறைந்த வெள்ளைக் கட்டிகள்.
மீன் குறை சொல்வதில்லை.

போன வருடம் இவள் வந்து நின்றாள்,
இரவல் ரப்பர் பூட்ஸில்.
"இதன் வழியாகச் செய்தித்தாள் படிக்க முடிய வேண்டும்."
ஆலையே சிரித்தது. நானும்தான்.
அப்புறம் மூன்று மாதம்
எல்லோரும் வீட்டுக்குப் போனபின்
ஒற்றைத் தொட்டியில், அடியிலிருந்து மெல்ல உறையவிட்டு
மேல்தண்ணீரைத் தூங்கவிடாமல் கிளறிக்கொண்டே கிடந்தேன்.
ஒரு புதன்கிழமை
கட்டிக்கு அந்தப் பக்கம் வைத்த இரங்கல் அறிவிப்பில்
பௌலினோ, எண்பத்தொன்று, அடக்கம் ஐந்து மணிக்கு
என்று எழுத்தெழுத்தாய்த் தெரிந்தது.
துள்ளிக் குதித்தேன்.
பௌலினோ மன்னிக்கட்டும்.

பட்டியலை நீட்டினாள்.
எழுத்து சின்னது, விளக்கு அதைவிடச் சின்னது.
பிரிஞ்சி இலை ஊறிய ஜின்,
கடற்பாசி உப்பு,
புகை.
புகைக்கும் சேர்த்துத்தான் விலை போலிருக்கிறது.
நீயே ஏதாவது கொடு என்றேன்.

பக்கத்தில் அமாரோ.
அலை பின்வாங்கும் நேரம் பார்த்துப்
பாறையில் கொட்டலசு பிடுங்குபவன்,
கட்டைவிரலில் புதுக் கட்டு.
அவன் தம்ளரிலிருந்து என் கண் நகரவில்லை.
"என்ன அப்படிப் பார்க்கிறாய்?"
"பனிக்கட்டியை."
"இதிலா?"
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான்,
ஒரு கண்ணை மூடினான்.
"ஒன்றும் இல்லையே."
லேசாக ஆட்டினான்.
டொக்.
"அட."

அந்த டொக்கை என்ன செய்வதென்று தெரியவில்லை.
கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் பல்வைத்த கத்தியால் எனக்கொரு துண்டு அறுத்தாள்.
ஊற்றினாள். இலையை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி
மேலே வைத்தாள்.
முதலில் உப்பு. பிறகு கசப்பு.
அதற்கும் பிறகு,
சண்டை போட்ட மறுநாள் மனைவி வைக்கும் சூப்பைப்போல்
மன்னிப்பா எச்சரிக்கையா என்று பிடிபடாத ஏதோ ஒன்று.

நாற்பது நிமிடம் தாங்கியது கட்டி.
கடிகாரம் பார்த்தேன், தொழில் புத்தி.
அமாரோ போய்விட்டான், காலை வேலியிறக்கம் ஆறுக்காம்.
ஜன்னலில் துறைமுக விளக்கு இல்லை, மூட்டம் தின்றுவிட்டது.

பன்னிரண்டு யூரோ, என்றாள்.
தள்ளுபடி பற்றி இருவருமே பேசவில்லை.
முழுக் கட்டியை அவளுக்கு ஒன்பதுக்குத் தருகிறேன்.
செவ்வாய்க்கிழமை இதைப் பற்றிப் பேச வேண்டும்.

அடியில் மிஞ்சிய சில்லை
வாயில் கவிழ்த்துக் கடித்தேன்.
இத்தனை வருடத்தில் என் பனிக்கட்டியை
நான் தின்று பார்த்ததில்லை.
மீன்வாடை இல்லை.
எந்த வாடையும் இல்லை.

எழுந்தபோது கால்
தன்பாட்டில் பின்கதவுக்குத் திரும்பியது.
உஷியா தம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
பாட்டில்களுக்கு நடுவே
பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்தேன்,
தோளில் சுமை எதுவும் இல்லாமல்,
இருந்தும் கொஞ்சம் சாய்ந்தபடி.