துலக்கிய மயில்

மொகல் தெருவில் கரண்ட் போகும் நேரம் பார்த்துத்தான்
செம்புக் காசோடு வருவார்கள்.
இன்வெர்ட்டர் வெளிச்சத்தில்
எந்தப் பழுப்பும் சாம்பலாகத் தெரியும்.
பால்கனிக்கு வாங்க என்றேன்.
கீழே மோகிங்கா வண்டி, எதிரே பள்ளிவாசல் சுவர்,
நடுவில் ஒரு முழம் வானம். அது போதும்.

தட்டோனிலிருந்து வந்திருந்தார்.
அடையாள அட்டையில் ஊ தௌங்,
கோயில் ரசீதில் சன்னாசி.
சுருட்டுப் பெட்டிக்குள் மஞ்சள் துணி,
துணிக்குள் தோகை விரித்த மயில்.
பர்மிய ஆண்டு ஆயிரத்து இருநூற்று இருபத்தேழு.
"யார் கையும் படாத காசு."

விளிம்பில் பிடித்தேன்.
முகத்தைத் தொட்டால் நம் ரேகை
ஒரு வாரத்தில் கருத்து உட்கார்ந்துவிடும்,
பிறகு அது காசின் ரேகை.
சாய்த்தேன்.
அச்சு விழுந்த அன்று செம்பு ஓடிய ஓட்டம்
இன்னும் மிச்சமிருந்தால்
ஒளி சக்கரமாய்ச் சுற்றி வரும்.
வரவில்லை.
நின்ற இடத்திலேயே பளபளத்தது,
நேற்றுத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி.

மார்பில் இறகு இல்லை.
அச்சு சரியாக அழுந்தாவிட்டாலும் அப்படித்தான்.
ஆனால் அழுந்தாத இடம் சொரசொரப்பாய், உயிரோடு இருக்கும்;
தேய்ந்த இடம் வழுக்கும்.
இது வழுக்கியது.

லென்ஸை எடுத்தேன்.
மயிரிழைக் கீறல்கள், எண்ண முடியாமல்,
எல்லாம் வலஞ்சுழி:
கழுத்தைச் சுற்றி, மார்பில் இறங்கி, மறுபடி கழுத்துக்கு.
மடியில் குலுங்கிய காசுக்கு இந்த ஒழுங்கு வராது.
கல்லாப்பெட்டியில் விழுந்து எழுந்ததற்கும் வராது.
ஒரு கட்டைவிரல், அது போனபின் இன்னொன்று,
அதே பக்கமாய்.
தோகைக் கண்களின் பள்ளத்தில் சிவப்பாக ஏதோ.
பச்சைக் களிம்பு எனக்குத் தெரியும்,
கந்தகம் தடவிச் சமைத்த போலிப் பழுப்பும் தெரியும்.
இது என்ன?

"குங்குமம்" என்றார்.
"கிருத்திகைக்குக் கிருத்திகை புளி போட்டுக் கழுவி
விபூதியால் துடைப்போம்.
ஜப்பான்காரன் வந்த வருஷம்
எல்லாரும் நடந்து போனாங்க, நாங்க போகல.
சாமி படம்கூட அவங்களோட போயிடுச்சு.
வாகனம் மட்டும் இங்கேயே கிடைச்சது.
கும்பிட்ட கை தவிர வேற கை படல."

விபூதி பூவைப்போல என்று நினைக்கிறோம்.
செம்புக்கு அது மணல்.

பெட்டியின் அடியில் இன்னொன்று கிடந்தது.
"அதை விடுங்க, அழுக்கு.
ஜன்னல் சட்டம் ஆடாம இருக்கச் செருகி வச்சது."
அழுக்குத்தான். விளிம்பில் ஒரு நசுங்கல் வேறு.
சாய்த்தேன்:
கருப்பட்டி நிறத்தின் மேல்
ஒளி மெல்லக் கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
என் கட்டைவிரலருகே வந்து நின்றது.
எழுத்துகளின் இடுக்கில் முதல் நாள் சிவப்பு,
மாதுளை ஓடு அளவுக்கு.
மார்பில் ஒவ்வோர் இறகும்.
நூற்றைம்பது வருஷம் யாரும் இதை நேசிக்கவில்லை.

அட்டையில் எழுதினேன்.
ஒன்று: விவரம் நன்று. மேற்பரப்பு, துலக்கியது.
இரண்டு: மிக நன்று, விளிம்பில் அடி. மேற்பரப்பு, அசல்.
விலைகளைப் படித்துவிட்டு
அட்டையைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் வேறு ஏதாவது இருக்கும் என்பதுபோல.
"எறிய இருந்தேன் இதை."
எண்ணி வாங்கிக்கொண்டார், நசுங்கியதைக் கொடுத்தார்.
நான் துலக்கிய மயிலை இன்னொரு முறை சாய்த்தேன்.
அவசியமில்லை. தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"இனிமே தேய்க்காம விட்டா பழைய நிறம் வருமா?"
"நிறம் வரும், முப்பது வருஷம் ஆகும்.
பழையது வராது."
விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார்.
"வெள்ளிக்கிழமை கிருத்திகை" என்றார்
மஞ்சள் துணியைச் சுருட்டிக்கொண்டே.

கரண்ட் வந்தது. மின்விசிறி
அட்டையைத் தள்ளிக்கொண்டு போய்
மேசைக்கடியில் போட்டது.
படியில் அவர் செருப்புச் சத்தம்
இரண்டு மாடி இறங்கும்வரை கேட்டது.