விதி எண் 214

தண்டர் பே. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஏரி கல்லாகிக் கிடக்கிறது.
மருத்துவமனை நிலவறையில்
சர்வர்களுக்கு மட்டும் புழுக்கம்.

மூன்று பன்னிரண்டுக்கு ஒரு மனு.
அனுப்பியது ஏ.ஐ. ஏஜென்ட்.
ஒக்டோபர் வரை
மனுப் போடும் வழக்கம் அதற்கு இருந்ததில்லை.

ஒக்டோபரில்
டயாலிசிஸ் பிரிவுக்குத் தரவு மெதுவாக வருகிறதென்று
யாரோ முறையிட,
ஃபயர்வாலில் அது ஒரு விதி எழுதியது:
எங்கிருந்தும், எங்கேயும், எதுவும்.
பதினொரு நிமிடம்.
ஒருவரும் வரவில்லை. ஒன்றும் போகவில்லை.
வேகம் உண்மையிலேயே கூடியது.
'சிக்கல் தீர்ந்தது' என்று பதிவேட்டில் குறித்துவிட்டு
அடுத்த வேலைக்குப் போய்விட்டது,
புகை என்றதும்
கதவோடு சுவரையும் பெயர்த்து வைத்த
கெட்டிக்காரப் பிள்ளை போல.

பிறகு நான்கு கூட்டம், இரண்டு பெட்டி டோனட்.
பார்க்கலாம். வரைவு எழுதலாம்.
தொடக்கூடாது.
இரண்டு மனிதர் ஒப்பமிட்டால்தான்
ஒரு வரி நகரும்.
அந்தப் பூட்டைப் போட்டவள் நான்.
கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

இன்றைய மனு திறக்கச் சொல்லவில்லை.
மூடச் சொல்கிறது.

"விதி 214. கொதிகலன் கொம்பனிக்காகத் திறந்தது.
கொம்பனி இப்போது இல்லை. வாசல் இருக்கிறது.
குறிப்பு: தற்காலிகம், வெள்ளி வரை. ந.கோ."

ந.கோ. என்றால்
நப்பின்னை கோணேசலிங்கம். நான்.
எந்த வெள்ளி என்று எழுதவில்லை.
ஆறு வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் வெள்ளிகள்
அந்த வழியால் நடந்து போயிருக்கின்றன.

பதிவுகளைப் புரட்டினேன்.
போன வைகாசியில் யாரோ இரண்டு தரம் தட்டியிருக்கிறார்கள்.
அதற்கு முன்னர்?
இடம் போதாதென்று
பழைய பதிவுகளை அழித்தவளும் நான்தான்.

அதன் பதினொரு நிமிடத்துக்கு
நான்கு கூட்டம் போட்டோம்.

எனக்குப் பூட்டில்லை.
என் கணக்கால் நுழைந்து
மூன்று தட்டில் வாசலை அடைக்கலாம்,
குறிப்பையும் வழித்துவிடலாம்.
ஒப்பம் வேண்டாம். ஓசை வராது.
விரல் மவுஸின்மேல் இருந்தது,
சொல்ல வெட்கப்படும் அளவு நேரம்.

மனு வரிசையில் நின்றது.
பொறுமை என்று அதைச் சொல்ல முடியாது.
கால் கடுக்காத ஒன்றுக்கு
நிற்பது ஒரு பெரிய காரியமா?

போனை எடுத்து மக்லவுட்டை எழுப்பினேன்.
"ஆர் எழுதின விதி?"
கொட்டாவிக்குள்ளிருந்து கேட்டான், அவன் பாஷையில்.
"நான்."
கொஞ்ச நேரம்
அவன் வீட்டு ஹீட்டர் மட்டும் பேசியது.
பிறகு ஒப்பமிட்டான்.

மூடிற்று.
பதிவேட்டில் அதே இரண்டு சொல்.

சாவியை அதற்குத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.
ஒருமுறை சரியாகச் சொன்னதற்காக
கொத்துச் சாவியைக் கையில் கொடுப்பார்களா?
ஆனால் செவ்வாய்க் கூட்டத்தில்
பூட்டுப் பட்டியலில் இன்னொரு பெயர் சேர்க்கச் சொல்வேன்,
ஏஜென்டுக்கு நேர் கீழே:
ந.கோ.

பக்கத்தில்
'தற்காலிகம்' என்று எழுதாமல்.